நான்கு காதுகள்

ஓசூரிலிருந்து திரும்பி வந்த குவளை
என் மேசையில் நிற்கிறது.
வாய் சமமில்லை.
நான்கு இடத்தில் எழும்பி நான்கு இடத்தில் தாழ்ந்து,
காது முளைத்த குவளை என்போம் எங்கள் தொழிலில்.
ஐந்தில் ஒன்று அடியில் கிழிந்ததாம்.
கடிதத்தில் பாதி கோபம், பாதி நஷ்டக் கணக்கு.

மேலாளருக்குச் சந்தேகமே இல்லை.
உலைதான். உலை என்றால் சடையப்பன்.
"நைட் ஷிஃப்ட்ல தூங்கியிருப்பான்,
ஒரு ரிப்போர்ட் குடுங்க மேடம்."

உருட்டுவதற்கு முன் வெட்டி வைத்த துண்டுகள்
பிஸ்கட் டப்பாவில் இருந்தன, நல்ல வேளை.
உப்புத்தாளில் தேய்த்து
வைரப் பசையில் மெருகேற்றி
நைட்டாலில் எட்டு எண்ணும்வரை முக்கி
ஸ்பிரிட்டில் அலசி
நுண்ணோக்கியில் வைத்தேன்.

நல்ல சுருள், கெட்ட சுருள்.
இரண்டிலும் ஒரே கார்பன், ஒரே மாங்கனீசு,
உருளைக்கிடையே ஒரே எழுபது சதவீத நசுக்கல்,
சடையப்பனின் ஒரே எழுநூறு டிகிரி.
ஒன்றின் மணிகள் கேழ்வரகு.
மற்றதில்
மொச்சை.

கடைசி ஏற்காடு பஸ்ஸுக்கு
நெரியும் கூட்டத்தை நினைத்துக்கொள்கிறேன்.
சின்னச் சின்னக் கும்பல்களாக நின்றால்
ஓரத்தில் இருப்பவர்தான் முதலில் திரும்புவார்,
அவரைப் பார்த்து அடுத்தவர்.
ஒரே பெருங்கும்பலுக்கோ ஓரம் குறைவு.
தள்ளத் தள்ள அது
தன் வயிற்றுக்குள்ளேயே சாய்வாகக் கிழிகிறது.
அந்தக் கிழிசலில் நிற்பவர் எந்தப் பக்கம் திரும்புவார்
என்று கண்டக்டருக்கும் தெரியாது.

இரும்புக்குத் தெரிகிறது.
கேழ்வரகின் எல்லையோரங்களில்
உலைச் சூட்டில் பிறக்கும் புது மணிகள்
பெரும்பாலும் ஒரு முகமாக,
கனசதுரத்தின் மூலைவிட்டம் தகட்டுக்கு நட்டமாக நிற்கும்.
அந்தத் தகடு மெலியாது,
இழுத்த ஆழத்துக்குக் குவளையாகும்.
மொச்சையின் சாய்ந்த கோடுகளில் பிறப்பவை
உருளை ஓடிய திசைக்கு
விளிம்பைக் காட்டிப் படுத்துக்கொள்ளும்.
எல்லாமும் இல்லை, சில.
கிழிய அது போதும்.

எக்ஸ்கதிர் படத்துக்குக் கல்லூரிக்கு அனுப்பி
ஒன்பது நாள் காத்திருந்தேன்.
சேர்வராயன் மலை வரைபடத்தின்
சமஉயரக் கோடுகள் போல வந்தது.
நல்ல சுருளில் நடுவே ஒரே சிகரம்.
கெட்டதில் சிகரம் கரைந்து
ஓரங்களில் பெயரில்லாத குன்றுகள்.

இரவு இரண்டு மணி.
வாசலில் டிரான்ஸ்ஃபார்மர் முனகிக்கொண்டிருக்கிறது.
அதற்குள் சிலிக்கன் கலந்த தகடுகள்
அதே விளிம்பைக் காட்டித்தான் படுத்திருக்கின்றன,
பாடுபட்டு அப்படிப் படுக்கவைத்திருக்கிறார்கள்.
காந்தத்துக்கு அதுதான் ராஜபாட்டை.
என் குவளையில் குற்றம்,
அங்கே அதற்குத்தான் விலை.

சடையப்பன் கதவருகே நின்றான்,
கையுறையைக் கழற்றாமல்.
"உலை சரியாத்தான் இருந்திருக்கு.
வரும்போதே பெரிசா வந்திருக்கு" என்றேன்.
"சூடு பண்ணினா எல்லாம் புதுசாப் பொறக்கும்னீங்களே?"
"பொறக்கும். எங்க பொறக்கணும்ங்கறத
பழசு சொல்லுது."
கொஞ்ச நேரம் குவளையைத் திருப்பிப் பார்த்தான்.
"மெமோ?"
"வராது."
கிழியாத ஒன்றை எடுத்துப்போய்
சாக்பீஸ் போட்டு வைத்திருக்கிறான் உலைப் பலகையில்.

காலையில் மேலாளர் ரிப்போர்ட்டைப் படித்தார்.
முகம் தெளிந்தது.
"அப்ப சுருள் அனுப்பினவன்தான்.
அங்க சுடு உருளையில அன்னிக்கு யாரு,
எந்த ஷிஃப்ட், கேட்டு எழுதுங்க."

எழுதினேன்.
சுருட்டிய வெப்பநிலை என்ன,
கடைசி உருளையில் எத்தனை டிகிரி,
மணியின் அளவு எவ்வளவு.
பெயருக்கென்று அவர் விட்டிருந்த கட்டத்தில்
ஒரு கோடு.

ஜன்னலில், ஏற்காடு மலைப் பாதையில்,
ஒரு லாரியின் விளக்கு
கொண்டை ஊசியில் திரும்பிக்கொண்டிருந்தது.
காதுகளின் உயரம் இன்னும் குறிக்கவில்லை.
அளவுகோலை எடுத்தேன்.
இரண்டு புள்ளி மூன்று மில்லிமீட்டர்.